இடிராணியின் வாசல்

அத்தியாயம் 11

போன அத்தியாயத்தில் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போன மிளகு இன்னும் திரும்பி வரவில்லை.

இன்றோடு மூன்று நாள். இந்த மூன்று நாளில் ஃபிரிட்ஜின் மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவை எத்தனை தடவை திறந்து பார்த்தோம் என்று அவள் அம்மாவுக்கே கணக்கில்லை. டப்பாவில் பிஸ்கட் கிடையாது. ஒரு மாத்திரை அட்டை, மடித்து வைத்த டாக்டர் சீட்டு, அவ்வளவுதான். அட்டையில் பதினான்கு மாத்திரை. நேற்றும் பதினான்கு, இன்று காலையும் பதினான்கு. நாம் வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்து ஒன்றாவது எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

மிளகுக்கு வயது இருபத்து மூன்று. பிறந்தபோது சின்னதாக, கறுப்பாக, காரமாக இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர். நிஜப் பெயர் சான்றிதழ்களில் மட்டும் இருக்கிறது. பதினைந்து வயதில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கடந்த நாலு வருஷமாக மாத்திரைதான் அதை வரவிடாமல் கட்டிப்போட்டு வைத்திருந்தது. "திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்கம்மா, முன்னைவிட மோசமா வரும்" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் படித்துப் படித்துச் சொல்வார். சீட்டு இல்லாமல் எந்த மருந்துக் கடையிலும் அதைத் தர மாட்டார்கள். சீட்டோ டப்பாவுக்குள் இருந்தது.

இத்தனைக்கும் காரணம் அப்பா செய்த ஒரே ஒரு போன். வரைபடம் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் மிளகுக்கு வேலை கிடைத்தது. அப்பா அவளுக்குத் தெரியாமல் அந்த மேனேஜரைக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு அப்பப்ப ஃபிட்ஸ் வரும் சார், கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? மறுநாளே வேலை இல்லையென்று கடிதம் வந்துவிட்டது.

அப்பா கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு முப்பது வருஷமாகப் பிரேக் போட்டுப் பழகிய கால், வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை.

மிளகு கத்தவில்லை, அழவில்லை. லேப்டாப்பையும் நாலு துணியையும் எடுத்துக்கொண்டு, "தேடாதீங்க" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் போன் அணைந்தே கிடந்தது. அவள் இருக்கும் இடம் தோழி ஒல்லிக்கு மட்டும்தான் தெரியும். "பத்திரமா இருக்கா ஆன்ட்டி. மாத்திரை புதுசா வாங்கிட்டேன்னு சொல்றா. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க, சத்தியம் வாங்கிட்டா" என்று ஒல்லி கையை விரித்துவிட்டாள்.

வாங்கியிருப்பாளா? சீட்டு இல்லாமல் எப்படி வாங்கியிருப்பாள்? தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும்போதும் அம்மாவுக்கு இதே நினைப்புதான். இன்று ஒருவருடைய வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் முதலாளி. கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

மத்தியானம் மூன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்தவளுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டாள். அதோடு சேர்ந்து கேம் பெட்டியும் உயிர்பெற்றது. திரையில் இரண்டு வரி வந்தது.

'உங்கள் அக்கவுன்ட் வேறொரு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது. இங்கே விளையாட வேண்டுமா?'

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேறொரு இடத்தில்! லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைக் காலை அசைத்துக்கொண்டு, இந்த நிமிஷம் அவள் விளையாடிக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளாக வராத அழுகை இப்போது வந்தது.

அந்த கேமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருண்டுபோன ஒரு ராஜ்யம். அதில் விளக்கு ஏந்தி ஊர் ஊராக அலையும் ஒரு பெண். அவளுக்குத் துணையாக ஒற்றைக்கண் வீரன் ஒருவன், வாயாடித் திருடி ஒருத்தி. யாரை நம்புவது, யாரை மன்னிப்பது, யாரைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவது என்று வழி நெடுக விளக்குக்காரிதான் முடிவெடுக்க வேண்டும். அவள் எடுக்கும் முடிவுக்குத் தகுந்தபடி கதை திரும்பும். மிளகுக்கு அந்தக் கதை மேல் உயிர்.

ஆனால் சண்டைகள் வரும். சண்டை என்றால் திரை முழுக்கப் பளீர் பளீரென்று வெளிச்சம் வெட்டும். அந்த மாதிரி வெளிச்சம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் குறைத்துக்கொள்ளும் வசதி அந்தப் பழைய கேமில் இல்லை. கேமை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தாள் அம்மா. மிளகு சோற்றை வேண்டுமானால் விடுவாள், இதை விட மாட்டாள். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. கதை மகளுக்கு, சண்டை அம்மாவுக்கு.

சண்டை வந்ததும் மிளகு கன்ட்ரோலரை அம்மா கையில் திணித்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொள்வாள். சத்தத்தை வைத்தே உள்ளேயிருந்து உத்தரவு வரும். "உறுமுறானா? குனி. மணி அடிக்குதா? ஓடும்மா, ஓடு! இப்ப அடி!" குட்டி குட்டித் திருகாணிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய விரல்கள், அம்மா சீக்கிரமே கற்றுக்கொண்டாள். இரண்டு வருஷமாக அந்த விளக்குக்காரி இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்த ஒரே ஆள்.

மிளகுக்கு அதில் ஒரு கண்டிப்பும் உண்டு. சேவ் பண்ணாமல் எழுந்திருக்கவே கூடாது. வீடு பற்றி எரிந்தால்கூட சேவ் பண்ணிவிட்டுத்தான் ஓடுவாள் என்று அப்பா கிண்டல் செய்வார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா திரையைத் திரும்பப் பார்த்தாள். கீழே சின்ன எழுத்தில், மிளகு கடைசியாக சேவ் செய்த இடம் இருந்தது.

'இடிக்கோட்டை வாசல். பகல் 3.10.'

அவள் உட்கார்ந்தபடியே திரைக்குக் கிட்டே நகர்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

இடிக்கோட்டைக்குள் இருப்பவள் இடிராணி. பாதிக் கதையில் ஒரு தடவை அரை நிமிஷம் தலைகாட்டினாள். அந்த அரை நிமிஷத்துக்கே அம்மாவின் கண்ணுக்குள் பூச்சி பறந்தது, சாயங்காலம் வரை தலைவலி. அந்த வாசலைத் தாண்டினால் அரை நிமிஷத்தோடு முடியாது. கால் மணி நேரம் மின்னல்தான். அங்கே கன்ட்ரோலரை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. மாத்திரையும் போடாமல் இருந்தால்?

'இங்கே விளையாட வேண்டுமா?'

அம்மா யோசிக்கவில்லை, அமுக்கினாள். அங்கே மிளகின் கேம் அந்த நொடியே அணைந்திருக்கும். இங்கே விளக்குக்காரி இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றாள். அவளை இரண்டடி பின்னால் நகர்த்துவதற்குள் திரை கறுத்துவிட்டது. 'உங்கள் அக்கவுன்ட் வேறொரு இடத்தில் திறக்கப்பட்டது.'

"அடிக் கழுதை" என்றாள் அம்மா. திரும்ப அமுக்கினாள். இருபது விநாடிதான், மறுபடி வெளியே. இன்னொரு தடவை அமுக்கினாள். ஒரே கதவை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி இழுப்பது போல இருந்தது. இத்தனை பயத்திலும் அம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிடிவாதம் பிடிக்கிறாள் என்றால் தெம்பாக இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்!

நாலாவது தடவை அமுக்கியபோது யாரும் இழுக்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தாள், ஐந்து நிமிஷம் பார்த்தாள். விளக்குக்காரி கதவுக்கு முன்னால் சும்மா நின்றாள். வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வாசலில் பயிற்சிக் கார் வந்து நின்றது. மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் வகுப்பு கிடையாது. உள்ளே வந்த அப்பா, டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்த்தார்.

"பொண்ணைக் காணோம், உனக்கு விளையாட்டு கேக்குதா?"

"அவ இதுக்குள்ளதாங்க இருக்கா!"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வாசல், ராணி, மின்னல், எல்லாம். அவருக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமாக இருந்தது, முகம் வெளிறிவிட்டது.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"அவ திரும்ப வர்றதுக்குள்ள இந்தச் சண்டையை நான் முடிச்சு சேவ் பண்ணிட்டா, அவ போட வேண்டியதே இல்ல. ஆனா அவ சொல்லாம எனக்கு வராது."

எந்தச் சண்டையை எப்படிப் போடுவது என்று, தான் மறந்துபோகும் நாட்களுக்காக மிளகு அம்மாவுக்கென்று முன்கூட்டியே எழுதி வைத்த நோட்டு டிவி மேஜை இழுப்பறையில் இருந்தது. அப்பா அதை எடுத்து இடிராணியின் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டார். கதவு திறந்தது.

முதல் மின்னலுக்கே அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஐயோ, இதையா அவ தனியா பார்க்கப்போறா?"

"படிங்க!"

"கையைத் தூக்கினா இடது பக்கம் போ. இடது... இடது... அது வலது!"

விளக்குக்காரி செத்து விழுந்தாள். மறுபடி எழுப்பினார்கள், மறுபடி செத்தாள். மூன்றாவது தடவை அப்பா நோட்டை மடியில் போட்டுவிட்டு, தினம் காரில் பேசும் குரலுக்கு வந்துவிட்டார்.

"பதறாத. நான் சொல்றேன். நேரா பாரு. மெதுவா... மெதுவா... அவ திரும்பறா, நீயும் திரும்பு. இப்ப நில்லு. நில்லுன்னா நில்லு! போ, போ, போ!"

வெள்ளையாக வெட்டிக்கொண்டே இருந்தது திரை. அம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அப்பா தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். கடைசி அடிக்கு இடிராணி முழங்காலிட்டு, கிரீடம் உருண்டு, திரை ஒருவழியாக இருட்டானது.

"சேவ் பண்ணு, சேவ் பண்ணு!" என்று கத்தியது, இதுவரை அந்தப் பெட்டியைத் தொட்டே பார்க்காத அப்பா.

சேவ் பண்ணினாள். கேமிலிருந்து வெளியே வந்தாள். நாலு மணி பத்து நிமிஷம். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் 'வேறொரு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தது. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு புன்னகைத்தாள். மிளகு பார்த்திருப்பாள். அம்மா முடித்து வைத்துவிட்டாள் என்று தெரிந்திருக்கும்.

சின்ன எழுத்து மாறியது.

'இடிக்கோட்டை வாசல். மாலை 4.18.'

"வாசலா? நாமதான் உள்ள போய் ஜெயிச்சிட்டோமே?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நாம ஜெயிச்சதை அழிச்சிட்டா. பழைய சேவ் ஒண்ணை எடுத்துத் திரும்ப அதே வாசல்ல வந்து நிக்கறா."

"பைத்தியமா அவளுக்கு? கஷ்டப்பட்டு ஜெயிச்சுக் கொடுத்தா..."

"ஜெயிச்சுக் கொடுங்கன்னு அவ கேக்கலயே." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நீங்க மேனேஜருக்குப் போன் பண்ணீங்க. நான் இதைப் பண்ணேன். என்னங்க வித்தியாசம்?"

அவர் மடியிலிருந்த நோட்டை மூடினார். "அதுக்காக விட்டுட முடியுமா? அமுக்கு. அவளை வெளிய தள்ளு" என்றார்.

"தள்ளினா கோபத்துல நெட்டைத் துண்டிச்சிட்டு விளையாடுவா. அப்புறம் இந்த ஒரு வரிகூட நமக்கு வராது. இருக்காளா இல்லையான்னே தெரியாது."

இருக்காளா இல்லையா என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒல்லியைக் கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது, எடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த கேமில் விளக்குக்காரியின் வாளுக்கு நாம் விரும்பிய பெயர் வைக்கலாம். பெயர் திரையின் ஓரத்தில் எப்போதும் தெரியும். மிளகு அதற்கு 'ஊசி' என்று வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு தடவை உள்ள போய் வாள் பேரை மாத்தி சேவ் பண்ணிட்டு உடனே அவளுக்கே விட்டுடறேன். அவ படிப்பா."

"அப்பா பண்ணது தப்புன்னு எழுது. இனிமே உன் விஷயத்துல தலையிட மாட்டேன், வேணும்னா அந்த மேனேஜர்கிட்ட நானே போய்..."

"இருபது எழுத்துதாங்க பிடிக்கும்."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மன்னிப்பை இருபது எழுத்துக்குள் அடக்க அவரால் முடியவில்லை. அதற்குள் அம்மா எழுதிவிட்டாள்.

'மாத்திரை போட்டியா?'

சேவ் செய்து வெளியே வந்தாள். உடனே அந்தப் பக்கம் திறந்தது. இரண்டு நிமிஷத்தில் மூடியது. சின்ன எழுத்தில் புது நேரம் காட்டியது. அம்மா உள்ளே போனாள். வாளின் பெயர் மாறியிருந்தது.

'நேத்து ஃபிட்ஸ் வந்துச்சு'

அப்பா அதை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தனியாக! பிடிக்க ஆளில்லை, ஒருக்களித்துப் படுக்க வைக்க ஆளில்லை. எங்கே இடித்துக்கொண்டாளோ, எவ்வளவு நேரம் கிடந்தாளோ. அம்மாவுக்கு அலற வேண்டும் போல இருந்தது. அலறினால் யாருக்குக் கேட்கும்? ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். வீட்டுக்கு வா என்று எழுதவில்லை. எங்கே இருக்கிறாய் என்றும் எழுதவில்லை.

'சண்டை நான் போடவா?'

சேவ் பண்ணிவிட்டு வெளியே வந்தாள். 'வேறொரு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது.' வந்துவிட்டாள், படிக்கிறாள். ஒரு நிமிஷம் ஆனது. மூன்று ஆனது. பதில் எழுத இவ்வளவு நேரம் எதற்கு? ஆறு நிமிஷம். உள்ளே போய்விட்டாளா? கதவைத் திறந்துவிட்டாளா?

ஒன்பதாவது நிமிஷம் அந்த வரி மறைந்தது.

அம்மா சின்ன எழுத்தைப் பார்த்தாள். மாலை 4.36. அது அவள் சேவ் செய்த நேரம். மிளகு சேவ் பண்ணவில்லை.

"எழுந்து போயிருப்பா" என்றார் அப்பா.

"சேவ் பண்ணாமயா? அவளா?"

அவர் எழுந்து கார் சாவியை எடுத்தார். கதவு வரை போனார், அங்கேயே நின்றார். எந்தப் பக்கம் போவது?

அம்மா மறுபடி ஒல்லிக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை அவள் எடுத்தாள்.

"ஆன்ட்டி, சாரி, போன் சைலன்ட்ல இருந்துச்சு. ப்ளீஸ், எங்கன்னு மட்டும்..."

"சொல்லாத. எனக்கு இடம் வேண்டாம்" என்றாள் அம்மா. "அவளுக்கு நேத்து ஃபிட்ஸ் வந்திருக்கு. இப்ப மறுபடி வந்திருக்கும்னு பயமா இருக்கு. நீ எவ்வளவு நேரத்துல அங்க போக முடியும்?"

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம். "மாடியிலதான் ஆன்ட்டி இருக்கா. எங்க மாடி ரூம்ல. என்கிட்ட மாத்திரை வாங்கிட்டேன்னு..."

"ஓடு. போனை வெச்சிடாத."

ஸ்பீக்கரில் போட்டாள். செருப்புச் சத்தம், கதவு, படிகள். அப்பா சாவியைப் பிடித்த கையோடு பக்கத்தில் வந்து குனிந்தார். அம்மா போனை வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுக்கோ ஒல்லி. கீழ விழுந்திருந்தா தூக்காத. ஒருக்களிச்சுப் படுக்க வை. தலைக்குக் கீழ துணி வை. வாயில எதையும் வைக்காத, தண்ணி கொடுக்காத. கையைக் காலைப் பிடிச்சு அமுக்காத. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடு. கேக்குதா?"

"கேக்குது ஆன்ட்டி." ஒல்லிக்கு மூச்சு இரைத்தது. "உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கா."

"தட்டு."

தட்டும் சத்தம் போனில் கேட்டது. "மிளகு! ஏய், மிளகு!" அப்பா மனைவியின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். வலித்தது, அவள் விலக்கவில்லை. ஒல்லி மறுபடி தட்டினாள். இந்தத் தடவை இரண்டு கையாலும், விடாமல், ஓங்கி ஓங்கி.

பிறகு, உள்ளேயிருந்து என்ன சத்தம் கேட்டதோ, ஒல்லி சட்டென்று தட்டுவதை நிறுத்தினாள்.